குங்குமம் வைத்து அழைத்த கூட்டம்

காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது அம்பத்தூர், ஆவடி, குமணன்சாவடி. இதையெல்லாம் பயணம் என்று யாராவது சொல்வார்களா என்று என் சம்பந்தி கன்னியம்மா கேட்டார். கால் வலித்தால் பயணம்தான் என்றேன். அப்படிப் பார்த்தால் நாங்கள் போனது பெரிய பயணம்.

கன்னியம்மாவின் மகளைத்தான் என் மகனுக்குக் கட்டியிருந்தோம். இரண்டு வீடும் ஒரே ஊர். ஊர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டிருந்த கரைமேடு. ஓலை வீடுகள், அங்கங்கே ஓட்டு வீடு, ஒரு கிணறு, வேப்பமரத்தடியில் ஓர் அம்மன். அந்தக் காலத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தபிறகு பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் அந்தப் பக்கமே குடி போனார்கள். ஆனால் எல்லோருக்கும் கரைமேட்டில் ஒரு வீடோ, பங்குக்கு ஒரு மூலையோ இருந்தது.

எழுபதுகளில் ஒரு நாள் காலை, கக்கத்தில் நீளமான சுருள் ஒன்றை இடுக்கிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார்.

"இன்னா நைனா, பாய் விக்கிறியா?" என்று கேட்டேன்.

"இல்லைம்மா. இது பட்டணத்தோட படம்" என்றார்.

பட்டணத்துக்குத் திட்டம் போடுகிற ஆபீசில் வேலையாம். இன்னும் இருபது வருஷம் கழித்துப் பட்டணம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே கலர் அடித்து வைத்துவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலில் படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். மஞ்சள் என்றால் வீடு, பச்சை என்றால் வயல், ஊதா என்றால் கம்பெனி. ஏரியை நானே கண்டுபிடித்துவிட்டேன், நீலமாக இருந்தது.

"இதுல எங்க ஊரு எங்க கீது?"

விரலை வைத்துக் காட்டினார். ஊதா.

"இங்க வீடே இல்லைன்னு இருக்கேம்மா. காலி இடம்னு போட்டிருக்காங்க."

"காலி இடத்துல குந்திக்கினு உன்னாண்ட பேசிக்கினு கீறது யாரு? பேயா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். படம் இன்னும் முடிவாகவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்கப் போகிறார்கள். இங்கே வீடு இருக்கிறது, எங்களுக்கு இது வேண்டாம் என்று ஆட்கள் நேரில் வந்து சொன்னால் ஊதாவை மாற்றலாம். சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு கரைமேடு கம்பெனிக்குப் போய்விடும்.

"பக்கத்து ஊர்ல கூட்டம் போட்டோம்மா. நாலு ரைஸ் மில் முதலாளியும் ஒரு வாத்தியாரும்தான் வந்தாங்க. பொம்பளைங்க ஒருத்தர் இல்ல. கூலிக்காரங்க ஒருத்தர் இல்ல. இங்கயாவது எல்லாரும் வரணும். எப்படி வரவைக்கிறதுன்னு தெரியல."

"தெரியப்படுத்தினீங்களா?"

"பஞ்சாயத்து ஆபீசு சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கே."

"அத ஆடு தின்னு நாலு நாளாச்சு நைனா. ஆடு வேணும்னா வரும் கூட்டத்துக்கு."

நல்ல பிள்ளை அது. எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டது. பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கம்பெனிக்காரன் எப்படி வருவான், ஞாயிற்றுக்கிழமை வை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நிற்பார்கள், சாயங்காலம் வை என்றார் கன்னியம்மா. பஞ்சாயத்து ஆபீசு படி ஏற எங்கள் ஜனம் கூசும். பிள்ளைகளைக் கொண்டுவிட்ட பழக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடும். நாற்காலி போட்டால் பெண்கள் வாசலிலேயே நிற்பார்கள், பாய் போட்டால் உட்காருவார்கள். அந்த இளைஞர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் வரமாட்டாரே என்று கவலைப்பட்டார். பிறகு எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி வரவைத்தார்.

கடைசியாகக் கன்னியம்மா சொன்னதுதான் முக்கியம்.

"இதெல்லாம் சரி நைனா. ஊடு தேடி வந்து, குங்குமம் வச்சி, வெத்தல பாக்கு குடுத்து அழைக்காம எங்காளுங்க எங்கயும் வரமாட்டாங்க. பேப்பரப் பாத்து வர்றதுக்கு இன்னா சினிமாவா?"

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. அந்தப் பிள்ளைக்கும் பட்டது. ஊரில் ஒருவருக்குக்கூடத் தப்பாகப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை அழைக்கப் போகக்கூடாது என்பதால் புதன்கிழமை புறப்பட்டோம். பித்தளைத் தட்டு, குங்குமச் சிமிழ், ஒரு பை நிறைய வெற்றிலை. என் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆனதால் குங்குமம் கொடுக்கிற வேலை எனக்குக் கிடையாது. கன்னியம்மாவின் புருஷன் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாலும் உயிரோடு இருந்தார். அதனால் குங்குமம் கன்னியம்மா, வாய் நான்.

அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போய் நின்றது. ஓடினோம். பக்கத்தில் போனதும் புறப்பட்டுவிட்டது. அடுத்த பஸ் நிறுத்தத்துக்கு முன்னாலேயே நின்றது. திரும்ப ஓடினோம்.

"நிறுத்தம்னு ஒண்ண எதுக்கு நட்டு வச்சிகீறாங்க சம்பந்தி?" என்றார் கன்னியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே.

"நாய்க்கு வேணாவா?" என்றேன். கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

தொழிற்பேட்டையில் மண்ணுக்கே எண்ணெய் வாசனை. எங்கள் ஊரில் காலையில் குயில் கூவும், இங்கே சங்கு கூவுகிறது. கூவியதும் ஆயிரம் பேர் ஒரே நிறத்துச் சட்டையில் வெளியே வருகிறார்கள். ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

என் அண்ணன் மகன் தாஸ் ஒரு போல்ட் கம்பெனியில் கடைசல் வேலை செய்துகொண்டிருந்தான். வாரம் முழுக்கக் கம்பெனிப் பக்கத்திலேயே தங்கிவிடுவான். வாசலில் வாட்ச்மேன் கம்போடு எழுந்தார்.

"நோட்டீஸ் குடுக்க வந்தீங்களா? யூனியன்காரங்களா? போங்க, போங்க."

கன்னியம்மா முந்தானையை விலக்கித் தட்டைக் காட்டினார். வாட்ச்மேன் கம்பைக் கீழே போட்டார். கல்யாணச் சேதி என்று நினைத்துவிட்டார். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை. நிழலில் உட்காரவைத்துத் தாஸை அழைத்துவரச் சொன்னார்.

தாஸ் கையில் பஞ்சு வேஸ்ட்டோடு ஓடி வந்தான்.

"இன்னா அத்தே, யாருக்கு விசேஷம்? சொல்லவேயில்ல!"

"ஊருக்கு விசேஷம்டா. கொழந்த பொறக்கறதுக்குள்ள பட்டணத்துக்காரன் பேரு வச்சிட்டான். காலி இடமாம்."

விவரம் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போனது. போன தைக்குத்தான் ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டிருந்தான். பெண்டாட்டி மாசமாக இருந்தாள், முதல் பிரசவத்தை ஓட்டு வீட்டில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"வுடமாட்டேன் அத்தே. கூட்டத்துல எந்திரிச்சி மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

"அப்படிச் சொல்லு. இந்தா, வாங்கிக்கோ."

அவன் உடனே வாங்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். வேலைச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டான். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு எங்களுக்கு டீயும் பொறையும் வாங்கிக் கொடுத்தான். பொறையை டீயில் முக்கினால் மெத்தை, முக்காவிட்டால் செங்கல். என் பல்லுக்கு மெத்தைதான் சரி. வாட்ச்மேனுக்கும் வெற்றிலை கொடுத்தோம். அவருக்குக் கரைமேடு எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. கட்டாயம் வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை ஆவடிக்குக் கரி வண்டியில் போனோம். கன்னியம்மாவுக்கு ரயில் புதிது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நீட்டிவிட்டார். கண்ணில் கரி விழுந்தது. இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினால் தட்டை யார் பிடிப்பது? சிமிழ் திறந்து, பக்கத்தில் நின்றவரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் குங்குமம்.

"இன்னாம்மா இது! ஆபீசுக்கு எப்படிப் போவேன்?" என்று கத்தினார்.

"தைரியமா போ நைனா. மேனேஜர் பாத்தா கன்னத்துல போட்டுக்குவாரு."

வண்டியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். சிந்தியது குங்குமம். என்ன நினைத்தாரோ, சட்டையிலிருந்தே ஒரு துளி தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தட்டில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

ஆவடியில் கன்னியம்மாவின் மூத்த மகள் மங்கை குவார்ட்டர்ஸில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு மிலிட்டரி பேக்டரியில் வேலை. அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி, சோப்புக் கட்டியை வரிசையாக அடுக்கிய மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் கறுப்புப் பெயின்ட்டில் நம்பர். எங்கள் வீட்டைப் படத்தில் போடாத சர்க்கார், இங்கே கக்கூஸுக்குக்கூட நம்பர் போட்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மங்கை மீன் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரி ஒருத்தி, தேங்காயைக் கடலாக அரைத்து ஊற்றிய குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். எங்கள் குழம்பு நாக்கைப் பிடித்து இழுக்கும், அவள் குழம்பு நாக்கைத் தடவிக் கொடுத்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மங்கைக்குக் கரைமேட்டில் அப்பன் எழுதிக்கொடுத்த மூலை இருந்தது. மாப்பிள்ளை ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸை விட்டுவிட வேண்டும். அப்புறம் போக அவளுக்கு அந்த இடம்தான்.

"அது போச்சின்னா நாங்க எங்கம்மா போவோம்?" என்று அழுதாள். "வரேன். வந்து சொல்றேன்."

கன்னியம்மா அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார். திருநெல்வேலிக்காரியும் நெற்றியை நீட்டினாள்.

"எனக்கும் வையுங்க பெரியம்மா. குங்குமம் வச்சுக் கூப்பிட்ட வீட்டுக்கு வராம இருந்தா நல்லாவா இருக்கும்? ஆமா, என்ன விசேஷம்?"

"காலி இடத்துக்கு வளைகாப்பு" என்றேன். புரியாமலே சிரித்தாள். அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் வைத்துவிட்டுத்தான் வந்தோம். கூட்டம் பெரிதாக இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை குமணன்சாவடி. அதுதான் முக்கியமான அழைப்பு. கன்னியம்மாவின் தம்பி ஏகாம்பரம் அங்கே லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வாய் அந்த வட்டாரத்தில் பேர் போனது. ரேஷன் கடைக்காரன், போலீஸ்காரன், சாமி ஊர்வலத்தில் மேளக்காரன், யாரையும் விட்டதில்லை. ஒருமுறை அவன் போட்ட சண்டையில் பெங்களூர் பஸ் மூன்று நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். மற்றவர்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஏகாம்பரம் ஒருத்தன் எழுந்தால் போதும் என்றுதான் கரைமேடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் போனபோதும் யாரோ ஒரு டிரைவரோடு சண்டை. அது முடிகிறவரைக்கும் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறியில் லாரி புகையும் கலந்திருந்தது. அதுவும் ஒரு ருசிதான்.

"அக்கா! எப்ப வந்த? இன்னா விஷயம்?"

சொன்னோம். அவன் தலையிலிருந்த துண்டை உருவித் தரையில் அடித்தான்.

"எவன் அவன்? நாம கீறசொல்ல காலின்னு எழுதினவன்? வரேங்க்கா. சட்டையப் புடிச்சி இழுத்தாந்து ஊடு ஊடாக் காட்டறேன். இது யாரு ஊடு, இது யாரு ஊடுன்னு கேக்கறேன்."

"கேளுடா. அதுக்குத்தானே வந்தோம். மொதல்ல தாம்பூலம் வாங்கிக்கோ."

ஏகாம்பரம் துண்டை எடுத்து உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டான். குனிந்து வாங்கினான். வாங்கியபோது அவன் குரல்கூட இறங்கிப்போனது.

"எத்தினி மணிக்கி வரணும்க்கா?"

வரும் வழியில் கன்னியம்மாவுக்கு ஒரே குஷி.

"ஜெயிச்சிட்டோம் சம்பந்தி."

"உங்க தம்பி ஆபீசர அடிச்சிடாம பாத்துக்குங்க" என்றேன். அந்த ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பெண்கள் பெருக்கி மெழுகினார்கள். யாரும் சொல்லவில்லை, வாசலில் கோலம் வந்துவிட்டது. கோலம் வந்தபிறகு மாவிலை வந்தது. மாவிலை வந்தபிறகு ஒரு அண்டா கேசரியும் சுண்டலும் வந்தன. நான்கு மணிக்குள் இடம் கொள்ளவில்லை. கம்பெனி வாட்ச்மேன் குடும்பத்தோடு வந்திருந்தார். திருநெல்வேலிக்காரி பட்டுப் புடவையில் வந்திருந்தாள். தாஸ் தலைக்குக் குளித்து விபூதி பூசியிருந்தான். ஏகாம்பரம் சலவை வேட்டி, சந்தனப் பொட்டு. வாசலில் நின்று எல்லோரையும் கைகூப்பி வாங்க வாங்க என்று வரவேற்றான். அவன் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. 

ஜீப் வந்தது. பெரிய ஆபீசர் இறங்கினார். கூடவே வந்த சின்னவர், எங்களுக்கு முதலில் படம் காட்டிய பிள்ளை, பெருமை தாங்காமல் எங்களைக் காட்டினார். மங்கை பன்னீர் தெளித்தாள்.

"எந்த ஊர்லயும் இவ்வளவு பேர் வந்ததில்லையே! பெண்கள்கூட இவ்வளவு பேர்!" என்றார் பெரியவர். கரும்பலகையில் படத்தை மாட்டினார்கள். ஏரி நீலமாக இருந்தது. பக்கத்தில் ஊதா. எல்லோரும் கேசரித் தொன்னையோடு படத்தைப் பார்த்தார்கள்.

பெரியவர் நல்லபடியாகத்தான் பேசினார். கடைசியில் கேட்டார்.

"இதிலே உங்களுக்கு ஏதாவது குறை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்."

ஒரு சத்தமும் இல்லை. தாஸைப் பார்த்தேன். தொன்னையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கை தரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழைத்த வீட்டில் போய் உட்கார்ந்து, கைநனைத்துவிட்டு, குறை சொல்கிற ஜனமா எங்கள் ஜனம்? சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் பிரமாதம் என்றுதான் சொல்லிவிட்டு வருவோம். வீட்டுக்குப் போய்த் திட்டுவோம். குங்குமம் வைத்துக் கூப்பிட்ட இடத்தில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரலாமா?

கன்னியம்மா தம்பியை முறைத்தார். ஏகாம்பரம் எழுந்தான். எனக்கு உயிர் வந்தது. இடுப்புத் துண்டை இறுக்கினான்.

"ஒரு கொறையும் இல்ல சாமி. எல்லாம் நல்லபடியா நடந்திச்சி. நீங்களும் நல்லா இருக்கணும்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் என்ன செய்வான்? வெறும் கையோடு கூப்பிட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான்.

நான்தான் எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டதால் மங்கையின் தோளைப் பிடித்து எழுந்தேன்.

"சாமி, இந்தப் படத்துல எங்க ஊட்டக் காணோம். எலி கிலி கடிச்சிச்சா பாருங்க."

பள்ளிக்கூடமே சிரித்தது. நான் எழுந்தாலே சிரிக்கிற பழக்கம் எங்கள் ஊருக்கு. இத்தனை வருஷமாக நான்தான் பழக்கியிருந்தேன்.

"சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். இங்க நாங்க கீறோம். எங்களத் தொரத்திட்டுக் கம்பெனி கட்டப் போறாங்க. வாணாம் சாமி."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு நேரம் வாயடைத்துக் கிடந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாட்டி நல்லாப் பேசுறாங்க. இப்படி ஒரு ஆள் ஊருக்கு வேணும்" என்றார்.

சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் கிளம்பிவிட்டார். கிளம்புகிறவரை வெறும் கையோடு அனுப்பலாமா? கன்னியம்மாவின் கை தானாகவே தட்டை எடுத்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய். நீட்டினார். பெரியவருக்கு ஒரே சந்தோஷம், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பதிலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. கரும்பலகையிலிருந்த படத்தைக் கழற்றி, சுருட்டி, கன்னியம்மாவின் கையில் வைத்தார்.

"எங்க ஞாபகமா வச்சுக்கங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜீப் போய்விட்டது. தூசி அடங்கியது. கன்னியம்மா படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சம்பந்தி, நம்ம புள்ளைங்களுக்கு நிச்சயம் பண்ணசொல்லோ இதே மாரிதானே நீங்க ஒரு தட்டு குடுத்தீங்க, நான் ஒரு தட்டு குடுத்தேன்?"

"ஆமா."

"அப்புறம் நம்ம யாருன்னா இல்லன்னு சொல்ல முடிஞ்சிதா?"

நான் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். 

இன்னும் ஒரு பயணம் பாக்கி இருந்தது. அடுத்த வாரம் நானும் கன்னியம்மாவும் பட்டணத்துக்கே போனோம். இந்தத் தடவை தட்டு இல்லை, சிமிழ் இல்லை, வெறும் கை. பெரிய கட்டடம். சாப்பாட்டு வேளை என்று மதியம் முழுக்க மாடிப்படியில் உட்காரவைத்தார்கள். பட்டணத்துக் குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை, கரைமேட்டுக் கிணற்றை நினைத்துக்கொண்டே குடித்தோம்.

சின்ன ஆபீசர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். நாங்கள் உட்காரவில்லை.

"எங்களுக்கு வாணாம்னு எழுதிக்கோ நைனா" என்றேன்.

"நாள் முடிஞ்சு போச்சும்மா. கூட்டத்துல சொன்னதுதான் கணக்கு. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையே."

"நான் சொன்னேனே."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீங்க தமாஷ் பண்ணீங்கன்னு நினைச்சிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லிப் பார்த்தேம்மா. ஊரே சிரிச்சுதே, உனக்கென்னன்னு கேட்டாங்க."

கன்னியம்மா மெதுவாகக் கேட்டார். "இனிமே எங்கயும் கூட்டம் கெடையாதா?"

"மத்த ஊர்லயெல்லாம் உண்டு. உங்க ஊரு மாதிரியே செய்யச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. வீடு வீடாப் போய் வெத்தலை பாக்கு வச்சு."

 கன்னியம்மாவைப் பார்த்தேன், கன்னியம்மா என்னைப் பார்த்தார். திரும்பி வர பஸ் ஏறினோம். பஸ் எங்கள் நிறுத்தத்திலேயே சரியாக நின்றது. அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. தாஸின் மகன் ஓட்டு வீட்டில்தான் பிறந்தான். அப்புறம் இடத்தை அளந்து எல்லைக்கல் நட வந்தார்கள். வெயிலில் வந்தார்களே என்று மோர் கொடுத்தோம். இந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று சொல்லிக்கொண்டே என் அடுப்பங்கரையில் ஒரு கல் நட்டார்கள்.

கன்னியம்மா அந்தப் படத்தைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஏரிக்கரையில் எங்கள் வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில், ஊதாவின் மேல் குங்குமப் பொட்டு வைப்பார். படத்தில் கரைமேட்டுக்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

பிறகு அங்கிருந்து வண்டி கட்டினோம். ஆளுக்கொரு திசை. தாஸ் அம்பத்தூரில் வாடகைக்குப் போனான். மங்கை, புருஷன் ரிட்டையர் ஆகிற நாளை எண்ணிப் பயந்துகொண்டிருந்தாள். நானும் கன்னியம்மாவும் குமணன்சாவடிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடி வந்தோம். ஏகாம்பரம்தான் சாமான்களை ஏற்றி இறக்கினான்.  டிரைவர் அவன் காலில் வண்டியை ஏற்றப் பார்த்தபோதுகூடத் திட்டவில்லை. தட்டோடு சிரித்துக்கொண்டே மூன்று நாள் அலைந்த அதே வழி, அன்றைக்கு முடியவே இல்லை.

புது இடத்தில் அடுப்பு மூட்டிய மறுநாளே இரண்டு பெண்கள் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்துத் தெருவில் காதுகுத்தாம்.

"குங்குமம் எடுத்துக்குங்க. வெத்தல வாங்கிக்குங்க பாட்டி. கண்டிப்பா வரணும்."

கன்னியம்மா எடுத்து வைத்துக்கொண்டார். நான் வெற்றிலைக்குக் கையை நீட்டவில்லை.

"வரேம்மா. வந்து வாணாம்னு சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். நல்ல தமாஷான பாட்டி குடி வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.